பழைய உளவுப் படங்களும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும்: எதைப் போடலாம், எதை ஒத்திப்போடலாம்?

கேள்வி, ஏப்ரல் 10

மகனுக்கு 11 வயது, மகளுக்கு 9. ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். பரீட்சை முடிந்தது, ஊருக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. இப்போது வருகிற உளவுப் படங்களில் ரத்தம் கேமரா மேலேயே தெறிக்கிறது. அதனால் பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களை வரிசையாகப் போடலாம் என்று நினைக்கிறேன். எல்லாமே பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) என்றுதான் போட்டிருக்கிறது. 1960, 70களில் வந்ததில் பயப்பட ஒன்றும் இருக்காதுதானே?

பதில், ஏப்ரல் 10, இரவு

இருக்கிறது. ரத்தம் இருக்காது, வேறு சில இருக்கும்.

முதலில் அந்த பி.ஜி. சமாசாரம். அமெரிக்காவில் இந்தத் தர முத்திரை முறையே 1968இல்தான் வந்தது. அதற்கு முன்பு வந்த பாண்ட் படங்களுக்கெல்லாம் பிற்பாடு ஒட்டிய முத்திரை. பி.ஜி.-13 என்ற நடுப்படி வந்தது 1984 ஜூலையில். அந்தக் கோடையில் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தில் உயிரோடு இருப்பவனின் நெஞ்சுக்குள் கைவிட்டு இதயத்தைப் பிடுங்குவார்கள். அதற்கும் பி.ஜி.தான் கொடுத்திருந்தார்கள். பெற்றோர் சத்தம் போட்ட பிறகுதான் நடுவில் ஒரு படி வைத்தார்கள். ஆகவே அதற்கு முந்தைய பி.ஜி. என்பது பெரிய கூடை. குழந்தைப் படமும் அதில் கிடக்கும், சுறாவுக்கு ஆளைத் தள்ளுகிற படமும் அதில் கிடக்கும்.

நம் ஊரில் யு/ஏ என்பதை 7, 13, 16 என்று பிரித்தது 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு. ஓ.டி.டி.யில் 2021 விதிகளின்படி அதே மாதிரி எண்கள் வருகின்றன, ஆனால் அவற்றை அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. எண்ணைப் பாருங்கள், ஆனால் எண்ணை மட்டும் பார்த்துப் படத்தைப் போடாதீர்கள்.

ஏப்ரல் 11

எங்கள் வீட்டு நிலவரம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கீழே எழுதுவது புரியும். அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு 12, மகனுக்கு 10. மாமனார் கூடவே இருக்கிறார். இன்று எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையம் நிற்கும் இடத்தில் பிளாசா தியேட்டர் இருந்த காலத்தில் ஆங்கிலப் படம் ஒன்று விடாமல் பார்த்தவர். அவர் கணக்கில் பாண்ட் என்றால் ஷான் கானரி, மற்றவர்கள் எல்லாம் வேஷம் கட்டியவர்கள். என் கணக்கு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் படம் பார்க்கும்போது ரிமோட் யார் கையில் என்பதே பெரிய அரசியல். முத்தக் காட்சி வந்தால் மாமாவின் கை ரிமோட்டைத் தேடும். பிள்ளைகள் அதற்குள் கூரையைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அவர்களுக்கு அது கூச்சம், அவ்வளவுதான். ரிமோட் தேடாமல் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்த்த காட்சிகளைத்தான் மகள் அப்புறம் வந்து கேட்டாள்.

ஏப்ரல் 12

கோல்ட்ஃபிங்கர் (1964). எல்லோரும் இதைத்தான் முதலில் போடச் சொல்வார்கள். காரணம் உண்டு. இருக்கை பறக்கிற ஆஸ்டன் மார்ட்டின், தொப்பியை வீசியே சிலையின் தலையைச் சீவுகிற அடியாள், காலுக்கு நடுவே ஏறி வருகிற லேசர் கதிர். பத்து வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் நடுவில் குதிரை லாயம் ஒன்று வருகிறது. வில்லனிடம் வேலை செய்கிற பெண் விமானி வேண்டாம் என்கிறாள், தள்ளுகிறாள். பாண்ட் வைக்கோலில் அழுத்திப் பிடிக்கிறார். அப்புறம் அவள் இளகிவிடுவதாகக் காட்டுகிறார்கள். பின்னணியில் இனிமையான இசை வேறு. என் மகள் கேட்டது இது: "வேண்டாம்னுதானே சொன்னாங்க? அப்புறம் எப்படி பிடிச்சுப் போச்சு?"

மாமா பதில் சொல்லவில்லை. அவர் அதை அந்த நாளில் தியேட்டரில் விசில் சத்தத்தோடு பார்த்தவர்.

அந்தக் காட்சியை ஓட்டிவிடலாம் என்பீர்கள். ஓட்டினால் கதை நிற்காது. அவள் மனம் மாறியதால்தான் விஷவாயு மாற்றப்படுகிறது, ஃபோர்ட் நாக்ஸ் தங்கக் கிடங்கு தப்புகிறது. அமெரிக்காவின் தங்கம் முழுவதும் அந்த வைக்கோலை நம்பி இருக்கிறது. அதனால் ஒன்று, அந்த இடத்தில் நிறுத்திப் பேசத் தயாராக இருங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள்.

தண்டர்பாலில் (1965) இதே கதைதான். மருத்துவ நிலையத்துப் பெண்ணை, உன் மேலதிகாரியிடம் சொல்லாமல் இருக்க வேண்டுமா என்று மிரட்டியே வழிக்குக் கொண்டுவருகிறார். கடலுக்கடிச் சண்டையோ முடிவதே இல்லை, மகன் தூங்கிவிட்டான்.

ஏப்ரல் 12, சற்றுப் பிறகு

யு ஒன்லி லிவ் டுவைஸ் (1967) கேட்டவருக்கு: எரிமலைக்குள் ராக்கெட் தளம், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் கானரிக்கு மேக்கப் போட்டு ஜப்பானியர் ஆக்குகிறார்கள். யாருக்கும் அவர் ஜப்பானியராகத் தெரியவில்லை, எங்கள் பிள்ளைகளுக்கும்தான். "யாரை ஏமாத்தறாரு இவரு?" என்று மகன் கேட்டதிலேயே விமர்சனம் முடிந்தது.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து தி ஸ்பை ஹூ லவ்ட் மீ (1977) பார்த்தோம். என் கணக்கு இதுதான்: பிள்ளைகளோடு பார்க்க ரோஜர் மூர் நடித்த பாண்ட். மாமா எழுந்து போகவில்லை, ஆனால் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அதன் மேல் விளிம்பு வழியாகப் பார்த்தார்.

தொடக்கத்தில் பனிமலை உச்சியிலிருந்து ஒருவர் சறுக்கிக்கொண்டே வந்து அந்தரத்தில் பாய்வார். இசை நின்றுவிடும். விழுந்துகொண்டே இருப்பார். அப்புறம் பிரிட்டிஷ் கொடி போட்ட பாராசூட் விரியும். கனடாவில் ஆஸ்கார்ட் என்ற மலையில் ரிக் சில்வெஸ்டர் என்பவர் நிஜமாகவே குதித்தது. மகன் "கிராஃபிக்ஸ்" என்றான். அந்த வருடத்தில் அதெல்லாம் கிடையாது, ஒரு ஆள் குதித்தார், கேமரா ஓடியது என்று சொன்னதும் மறுபடி போடச் சொன்னான். மறுபடியும். நிஜமாகச் செய்தார்கள் என்ற ஒரு வார்த்தை போதும், பழைய படத்தின் மெதுவான வேகத்தைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

இதில் வரும் அன்யா சோவியத் உளவுத்துறை மேஜர். பாண்டுக்குச் சமமாக வேலை செய்கிறாள். லோட்டஸ் கார் கடலுக்குள் போய் நீர்மூழ்கி ஆகும்போது, அவளே ஒரு பொத்தானை அழுத்தி எதிரியின் சிறு நீர்மூழ்கிக்கு வேட்டு வைக்கிறாள். எப்படித் தெரியும் என்றால், இந்தக் காரின் வரைபடத்தை இரண்டு வருடம் முன்பே திருடிவிட்டேன் என்கிறாள். மகள் சோபாவில் எழுந்து நின்று கை தட்டினாள். கடைசியில் அதே அன்யாவை வில்லன் கட்டிவைத்து, பாண்ட் போய் மீட்கிறார். "கார் பிளானே திருடினவங்க ஒரு கயிறை அவிழ்க்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

எச்சரிக்கை ஒன்று. தொடக்கத்திலேயே வில்லன் தன் பெண் உதவியாளரை லிஃப்ட் வழியாகச் சுறாத் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறான். ரத்தம் கொஞ்சம்தான், ஆனால் அவன் அமைதியாகப் பார்க்கிற விதம் 9 வயதுக்கு அதிகம். உங்கள் மகளை அந்த நேரம் தண்ணீர் எடுத்துவரச் சொல்லலாம். இரும்புப் பல் ராட்சசன் பயமுறுத்துவான் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு அவன்தான் செல்லம். கார் பள்ளத்தில் விழுந்தாலும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு நடக்கிறானே.

ஏப்ரல் 15

ஒருவர் தி மேன் வித் த கோல்டன் கன் (1974) சேர்க்கச் சொல்கிறார். உடைந்த பாலத்தில் கார் காற்றிலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அக்கரையில் இறங்கும் காட்சிக்காகச் சேர்க்கலாம். முதலில் கணினியில் கணக்குப் போட்டு, பிறகு ஒரே டேக்கில் எடுத்தது. அதற்குப் போய் ஒரு ஊதல் சத்தம் வைத்திருக்கிறார்கள், கோமாளி வழுக்கி விழுவது போல. யார் சொல்லி வைத்தார்களோ. ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 18

ஆக்டோபஸ்ஸி (1983). பெயருக்கு அர்த்தம் கேட்பார்கள். ஆக்டோபஸ் வளர்க்கிற பெண் என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

நம்மவர்கள் இதைப் பார்க்க ஒரே காரணம் போதும்: விஜய் அமிர்தராஜ். சென்னை டென்னிஸ்காரர் படத்திலும் விஜய் என்ற பெயரிலேயே வருகிறார், ஆட்டோ ஓட்டுகிறார், டென்னிஸ் மட்டையால் ஆட்களை அடிக்கிறார். மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, விம்பிள்டனில் அவர் ஆடிய கதையை ஆரம்பித்தார். கபீர் பேடி தலைப்பாகையோடு பகடையைக் கையில் நசுக்கித் தூளாக்குகிறார்.

அப்புறம் விஜய்யைக் கொன்றுவிடுகிறார்கள். மகன் அதற்குத் தயாராக இல்லை. இரும்புப் பல்காரன் இத்தனை முறை பிழைக்கிறான், நம் ஆள் ஒரே முறையில் போய்விட்டாரே என்று அவனுக்குக் கோபம். பாண்ட் ஒரு நிமிடம் முகம் வாடி நிற்கிறார், அடுத்த காட்சியில் வேறு வேலை. "அவ்ளோதானா?" என்றான். உளவுப் படத்தில் நாயகனுக்கு உதவி செய்கிற உள்ளூர்க்காரன் கதி இதுதான் என்பதைப் பத்து வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்று, உதய்ப்பூர் ஏரி அரண்மனையைக் கண் நிறையக் காட்டுகிறார்கள். கூடவே ஆணிப் படுக்கை, கத்தி விழுங்குபவர், தணலில் நடப்பவர் எல்லோரையும் ஒரே கடைத்தெருவில் நிறுத்திவிட்டார்கள். விருந்தில் ஆட்டுத்தலை, அதில் கண். மகள் "இது எந்த ஊர்?" என்று கேட்டாள். 1983இல் லண்டன்காரர்கள் மனதில் இருந்த ஊர் என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

கோமாளி வேஷத்தில் பாண்ட் வெடிகுண்டை நிறுத்த ஓடும் இடம் இருக்கிறதே, அதற்காக மட்டும் இதை இன்னொரு தரம் பார்ப்பேன். உண்மையைக் கத்துகிறார், முகத்தில் சாயம், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. பெரியவர்கள் நம்ப மாட்டேன் என்கிற நிலைமை அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஏப்ரல் 18, இரவு

வீட்டுக்காரர் சொல்லச் சொன்னது: அதே 1983இல் கானரியும் திரும்பி வந்து வேறு தயாரிப்பாளருக்கு நெவர் ஸே நெவர் அகெய்ன் நடித்தார், ஒரே வருடத்தில் இரண்டு பாண்ட். சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21

"தமிழில் ஒன்றுமே இல்லையா, எல்லாம் வெள்ளைக்காரன்தானா?" என்று ஒருவர் குத்தியிருக்கிறார். இருக்கிறது ஐயா, வருகிறேன்.

தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஜெய்சங்கர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் வல்லவன் ஒருவன் (1966), அப்புறம் சி.ஐ.டி. சங்கர் (1970). பிள்ளைகள் முதல் கால் மணி நேரம் கேலி செய்தார்கள், குறிப்பாகச் சண்டையில் எவனுக்கும் தலைமுடி கலைவதே இல்லை என்று. பளிங்கினால் ஒரு மாளிகை பாட்டு வந்ததும் கேலி நின்றது. எல்.ஆர். ஈஸ்வரி குரலுக்கு முன் எந்தத் தலைமுறையும் நிற்காது. மாமா முழுப் பாட்டையும் தாளம் போட்டுக்கொண்டே பாடினார், மகள் அதை வீடியோ எடுத்தாள்.

ரகசிய போலீஸ் 115 (1968) எம்.ஜி.ஆர். படம். "அப்போ மத்த 114 பேரு எங்க?" என்று மகன் கேட்டான். பால் தமிழ்ப்பால் பாட்டில் அவன் கவனம் போய்விட்டது, திரும்பவே இல்லை.

உலகம் சுற்றும் வாலிபன் (1973) வேறு கதை. மின்னலின் ஆற்றலைப் பிடித்து அடைக்கிற விஞ்ஞானி ஒரு எம்.ஜி.ஆர்., அவரைத் தேடிப் போகிற துப்பறியும் தம்பி இன்னொரு எம்.ஜி.ஆர். ஒசாகாவில் 1970இல் நடந்த எக்ஸ்போ கண்காட்சியிலேயே போய் எடுத்திருக்கிறார்கள், அந்த விநோதக் கட்டடங்கள் எல்லாம் செட் இல்லை. நம்பியாரோடு சறுக்குத் தளத்தில் சக்கரக் காலணியில் நடக்கும் சண்டையை மகன் பாண்ட் சண்டைகளுக்கு மேலே வைக்கிறான். கண்டுபிடிப்பு போருக்குப் பயன்பட்டுவிடும் என்று விஞ்ஞானி தயங்குவது பற்றி மகள் நன்றாகவே பேசினாள், பள்ளியில் அணுகுண்டு பாடம் முடித்திருக்கிறார்கள் போல. பாட்டுகள் அதிகம், ஓட்டலாமா என்று கேட்டதற்கு மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஏப்ரல் 22

கமலின் விக்ரம் (1986), சுஜாதா எழுதியது. களவு போன ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை நாடு, சத்யராஜ். நான் கல்லூரிக் காலத்தில் பார்த்துச் சிரித்த படம், பிள்ளைகளோடு என்றால் யோசியுங்கள். தொடக்கத்திலேயே கர்ப்பிணி மனைவியைச் சுட்டுவிடுகிறார்கள். மீண்டும் மீண்டும் வா பாட்டுக்கு ரிமோட் நிச்சயம் வேண்டும். அந்த "விக்ரம்" பாட்டை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். மகன் அதைத் தன் அலாரமாக வைத்திருக்கிறான், வீடே எழுந்துவிடுகிறது.

ஏப்ரல் 24

பெங்களூரில் இருந்துகொண்டு கன்னட உளவாளி சி.ஐ.டி. 999 பற்றிச் சொல்லாமல் விட்டால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னிடம் பேச மாட்டார். டாக்டர் ராஜ்குமார் உளவாளியாக ஜேடர பலே (1968) தொடங்கி, கோவா, ஜாக்பாட் என்று போய் ஆபரேஷன் டைமண்ட் ரேக்கெட் (1978) வரை நான்கு படங்கள். இயக்கம் துரை-பகவான். அந்த நான்காவதில்தான் "இஃப் யூ கம் டுடே" பாட்டு. ராஜ்குமாரே பாடியது. எங்கள் பிள்ளைகளுக்குப் படம் தெரியாது, பாட்டு முழுசாகத் தெரியும், பள்ளி வேனில் கற்றது. கன்னடம் பள்ளியில் படிப்பதால் அவர்கள்தான் எனக்கு வசனம் மொழிபெயர்த்தார்கள். வீட்டில் அதிகாரம் கைமாறிய மாலை.

ஏப்ரல் 27

என் பட்டியலில் இப்போது முதலிடம் பாண்டுக்கு இல்லை. வேர் ஈகிள்ஸ் டேர் (1968). ரிச்சர்ட் பர்ட்டன், கிளின்ட் ஈஸ்ட்வுட், கேபிள் கார் மட்டுமே போகிற மலைக்கோட்டை. சாவு எண்ணிக்கை பயங்கரம், அதை மறைக்கவில்லை. ஈஸ்ட்வுட் நின்ற இடத்திலிருந்தே ஒரு படைப்பிரிவைக் காலி செய்கிறார். ஆனாலும் இதைச் சொல்கிறேன்.

ஏனென்றால் கோட்டையின் பெரிய கூடத்தில் ஒரு காட்சி. யார் யார் பக்கம் என்பது நான்கைந்து முறை புரளுகிறது. மகன் ரஃப் நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, இடதுபக்கம் "நம்ம ஆள்", வலதுபக்கம் "ஜெர்மன் ஆள்" என்று பெயர்கள் எழுதினான். ஒவ்வொரு வசனத்துக்கும் அழித்து அழித்து மாற்றினான். பர்ட்டன் பெயர் இருந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. அப்புறம் பெயரைப் பென்சிலில் கோட்டின் மேலேயே எழுதிவைத்தான்.

மேரி என்ற உளவாளிப் பெண்ணை யாரும் மீட்க வேண்டியதில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது, செய்கிறாள், இறுதியில் இயந்திரத் துப்பாக்கியோடு பஸ்ஸில் நிற்கிறாள். மகள் குறித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: பிள்ளைகளுக்கு உளவாளியின் துப்பாக்கியைவிடத் திட்டம் பிடிக்கிறது. யார் பொய் சொல்கிறார், எப்படி உள்ளே போவார்கள், எது தவறும். திட்டம் பலமாக உள்ள படத்தில் பெண்ணை வளைத்துப்போடுகிற வேலைக்கு இயக்குநருக்கு நேரம் இருப்பதில்லை. அந்த அளவுகோலை வைத்தே நான் இப்போது தேடுகிறேன்.

ஏப்ரல் 28

அதே அளவுகோலில் நார்த் பை நார்த்வெஸ்ட் (1959). வயல்வெளியில் மருந்து தெளிக்கிற விமானம் துரத்தும் காட்சியில் இசையே இல்லை, நெடுநேரம் ஒன்றும் நடக்காது. மகன் "நெட் நின்னுடுச்சா?" என்றான். விமானம் வந்ததும் வாயை மூடினான். ரயிலில் கேரி கிராண்டும் அந்தப் பெண்ணும் பேசும் வசனம் ரொம்ப விவகாரமானது, ஆனால் பிள்ளைகள் தலைக்கு மேலே போய்விடும். கடைசி ஷாட்டில் ரயில் குகைக்குள் நுழைகிறது. பிள்ளைகளுக்கு அது ரயில். மாமா மட்டும் இருமினார்.

மே 2

முத்தமும் இல்லை, சண்டையும் இல்லை, உளவு மட்டும் உண்டு: அந்த நாள் (1954). எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவி.எம். பாட்டே கிடையாது. 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரம். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, கதாநாயகன் சிவாஜி செத்து விழுகிறார், அப்புறம்தான் கதை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆக்‌ஷன் கேட்ட பிள்ளைகளுக்கு இதைப் போட எனக்குத் தைரியம் இல்லை, கரண்ட் போய் வந்த பிறகு மாமாதான் போட்டார். ரஃப் நோட்டு மறுபடி வந்தது. மகள் பாதியில் கொலையாளியைச் சரியாகச் சொன்னாள், மகன் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் சிவாஜி நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவராக நடித்தார் என்பதை ஏற்க என் அம்மா தொலைபேசியில் மறுத்துவிட்டார், எழுபது வருடம் கழித்தும்.

மே 3

சிகரெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், எல்லாப் படத்திலும் எல்லோரும் பிடிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் முத்தத்தைவிட அதைத்தான் கண்டித்தார்கள், மாமா விட்டுவிட்ட கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

மே 5

லைசென்ஸ் டு கில் (1989) கேட்டவருக்கு: வேண்டாம். பிரிட்டனில் பாண்ட் வரிசையிலேயே முதன்முதலாக 15 வயது முத்திரை வாங்கிய படம். ஒருவரைச் சுறாவிடம் இறக்குகிறார்கள், இன்னொருவர் தலை அழுத்த அறைக்குள் வெடிக்கிறது. மிஷன் இம்பாசிபிள் (1996) போடலாம், கயிற்றில் தொங்கி அந்த வெள்ளை அறைக்குள் இறங்கும் காட்சிக்காகவே. லிஃப்ட் காட்சியில் மட்டும் கண்ணை மூடச் சொல்லுங்கள். கோல்டன்ஐ (1995): தொடையால் நெரித்தே கொல்கிற பெண் ஒருத்தி வருகிறாள், அதை விளக்க எனக்குத் தெம்பு இல்லை. மகளுக்கு 14 ஆகட்டும். மகன் அதற்குள் யாராவது நண்பன் வீட்டில் பார்த்துவிடுவான், அது தெரிந்த விஷயம்.